கேட்டதும் சொன்னதும்: வைட்டமின் சி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மாத்திரையைப் பற்றியவை, மீதி கீரையைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறோம்.

முருங்கைக்கீரையில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி என்கிறார்கள். சூடு பட்டால் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். கீரையைப் பச்சையாகவா தின்ன முடியும்?
*– வாசகி, காரைக்குடி*

பச்சையாகத் தின்ன வேண்டாம். 'பல மடங்கு' என்ற கணக்கையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய இந்திய உணவு அட்டவணைகளில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு 220 மில்லிகிராம் என்று இருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது: 110-ஐ ஒட்டி. நெல்லிக்காயும் அப்படித்தான். 600 என்று நாம் மனப்பாடம் செய்தது இப்போது 250-ஐ ஒட்டி நிற்கிறது. கொய்யா மட்டும் 210, 220 என்று பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆரஞ்சு 45 முதல் 50. ஆக, முருங்கைக்கீரை ஆரஞ்சைப்போல இரண்டு மடங்கு. அதுவே பெரிய விஷயம்தான்.

போவது எங்கே? சூட்டைவிடத் தண்ணீர்தான் பெரிய கள்ளன். வைட்டமின் சி தண்ணீரில் சர்க்கரைபோலக் கரையும். நறுக்கிய கீரையை அலசினால் வெட்டு வாய் வழியே அது கழுவு நீரில் இறங்கும். வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பாதிக்குமேல் தொட்டியில் போய்விடும். அடுத்த கள்ளன், கீரைக்குள்ளேயே இருக்கும் ஒரு என்சைம். இலை முழுதாக இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். நறுக்கியதும் செல் உடைந்து, காற்றோடு சேர்ந்து வைட்டமினைச் சிதைக்கத் தொடங்கும். நன்றாகச் சூடேறினால் இந்த என்சைம் செயலிழந்துவிடும். அதனால்தான் காலையிலேயே நறுக்கி வைத்து மதியம் சமைப்பது, நறுக்கிய கையோடு சூடான சட்டியில் போடுவதைவிட மோசம்.

ஆகவே, கொத்தோடு கழுவி, நீர் வடிந்த பிறகு உருவுங்கள். தாளித்து வெங்காயம் வதங்கி, சட்டி நல்ல சூட்டில் இருக்கும்போது கீரையைப் போடுங்கள். கழுவியதில் ஒட்டியிருக்கும் ஈரமே போதும். வேண்டுமானால் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி ஐந்து நிமிடம். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம். கீரை பச்சை மாறாமல் இருக்க ஆப்பசோடா போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காரத்தன்மையில் வைட்டமின் சி வேகமாகச் சிதையும், புளிப்பில் தாக்குப்பிடிக்கும். மதியம் செய்ததை இரவு மறுபடி சூடாக்கும்போது இன்னொரு பங்கு போகும்.

இப்படிச் சமைத்தும் பாதி போனது என்றே வைத்துக்கொள்வோம். 50 கிராம் கீரையில் 25 மில்லிகிராமுக்குமேல் தட்டுக்கு வரும். பெரியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அன்றாட அளவு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65, கர்ப்பிணிகளுக்கு 80, பாலூட்டும் தாய்மாருக்கு 115 மில்லிகிராம். மீதியை அரைக் கொய்யா ஈடுகட்டிவிடும்.

கொரோனா காலத்தில் ஆரம்பித்த 1000 மி.கி. மாத்திரையை இன்னும் தினமும் போடுகிறேன். சளி பிடிக்காது என்ற நம்பிக்கைதான். நிறுத்தலாமா?
*– வாசகர், ஓசூர்*

நிறுத்தலாம். படிப்படியாகக் குறைக்கவும் தேவையில்லை.

குடலில் இதை உள்ளே இழுக்கும் வாசல்கள் எண்ணிக்கையில் குறைவு. உணவு வழியாக 30 முதல் 180 மி.கி. வரை வந்தால் 70 முதல் 90 சதவீதம் உள்ளே போகும். ஒரே வேளையில் 1000-ஐத் தாண்டினால் பாதிகூடப் போகாது. உள்ளே போனதையும் சிறுநீரகம் தங்க விடாது. தினம் 200 முதல் 400 மி.கி. எடுப்பவரின் ரத்தத்தில் அளவு உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் வருவது சிறுநீரோடு சரி. குடலிலேயே தங்கிய மிச்சம் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைத் தரும். ஒரு நாளின் மேல் வரம்பு 2000 மி.கி. என்று வைத்ததற்கு முக்கியக் காரணமே அந்த வயிற்றுப்போக்குதான்.

சளிக் கதையை ஊருக்கெல்லாம் கொண்டுபோனவர் லைனஸ் பாலிங். வேதியியலுக்கு 1954-இலும் அமைதிக்கு 1962-இலும் நோபல் பெற்றவர், 1970-இல் கிராம் கணக்கில் வைட்டமின் சி சாப்பிடச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதால் உலகம் இன்றும் மாத்திரை வாங்குகிறது. பிறகு நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 2013-இல் காக்ரேன் ஆய்வு சொன்னது வேறு: தினமும் எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் சீக்கிரம் தணிந்தது. ஏழு நாள் சளியில் பெரியவர்களுக்கு அது அரை நாள். மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு மாத்திரையைத் தேடினால் அந்த அரை நாளும் உறுதியில்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் படைவீரர்கள் போன்றவர்களிடம் மட்டும் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது.

எனக்கு ஏற்கனவே சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. நெல்லிச்சாறு குடிக்கலாமா?
*– வாசகர், ராமநாதபுரம்*

உடம்பில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறி வெளியேறுகிறது. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்ஸலேட்தான். ஸ்வீடனில் இருபதாயிரத்துக்கும் அதிகமான ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. உங்களுக்கு மாத்திரை வேண்டாம். தினம் ஒரு நெல்லிக்காய் என்பது வேறு கணக்கு: 30 கிராம் சதைக்கு 75 மி.கி. ஒரு டம்ளர் சாற்றில் பத்துக் காய் அரைபட்டிருந்தால் அது மாத்திரைக்குச் சமம். காயாகக் கடித்துத் தின்னுங்கள்.

வீட்டு மீட்டரில் சர்க்கரை கூடுதலாகக் காட்டுகிறது, லேபில் குறைவாக வருகிறது. சாப்பாட்டில் மாற்றமில்லை. வைட்டமின் சி மட்டும் புதிதாகச் சேர்த்தேன்.
*– வாசகர், நாமக்கல்*

நீங்களே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மீட்டர் பட்டையில் சர்க்கரை வினைபுரிந்து விடுவிக்கும் எலக்ட்ரான்களைத்தான் கருவி எண்ணுகிறது. வைட்டமின் சி-யும் எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் பொருள். சில வகைப் பட்டைகளாலும், கையில் ஒட்டிக்கொள்ளும் சில சென்சார்களாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இல்லாத சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும். பட்டையோடு வரும் துண்டுச் சீட்டில், குறுக்கிடும் பொருட்கள் என்ற இடத்தில் அஸ்கார்பிக் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபத்து எங்கே என்றால், அந்தப் பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டுவதில். தாழ்சர்க்கரையில் மயங்கி விழ அது போதும். சிறுநீர்ப் பட்டையில் இதே வைட்டமின் நேர்மாறாக விளையாடும்: சர்க்கரை இருந்தாலும் இல்லை என்று காட்டும், ரத்தம் கலந்திருந்தாலும் மறைக்கும். மலத்தில் ரத்தம் பார்க்கும் குவாயாக் சோதனைக்கும் அப்படியே. அதற்கு முன்பு மூன்று நாள் மாத்திரையை விடச் சொல்வார்கள். எந்தச் சோதனைக்குப் போனாலும் வைட்டமின் சி எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மருமகளுக்கு ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு. சுகாதார நிலையத்தில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடுதான் விழுங்க வேண்டுமா?
*– வாசகி, திருநெல்வேலி*

கட்டாயமில்லை. எலுமிச்சையின் உதவி மாத்திரையைவிடச் சாப்பாட்டுக்குத்தான் அதிகம் தேவை. கீரை, பருப்பு, கம்பு, கேழ்வரகில் இருக்கும் இரும்பு, குடல் எளிதில் எடுக்காத வடிவத்தில் இருக்கிறது. வைட்டமின் சி அதை எடுக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. அரசு மாத்திரையில் இருக்கும் இரும்பு ஏற்கனவே அந்த மாறிய வடிவத்தில்தான் வருகிறது.

இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் சந்திக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காலையில் கொய்யா தின்றுவிட்டு மதியம் கீரை சாப்பிட்டால் அந்தப் பலன் இல்லை. கம்பங்கூழோடு நெல்லிக்காய், பருப்புச் சாதத்தோடு முட்டைக்கோஸ் பொரியல், சாப்பிட்டு முடித்ததும் அரைக் கொய்யா, இப்படி. எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தால் 20, 25 மி.லி. சாறு, அதில் வைட்டமின் சி 10 மி.கி. அளவுதான். அரைக் கொய்யாவில் 100-க்குமேல். விலையையும் சேர்த்துப் பார்த்தால் நம் ஊரில் கொய்யாவை மிஞ்ச எதுவுமில்லை என்பது எங்கள் கட்சி.

டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. வைட்டமின் சி குறைவுதானே?
*– வாசகர், ஈரோடு*

பெரும்பாலும் இல்லை. பல் இடுக்கில் படியும் காரையால் ஈறு வீங்குவதுதான் வழக்கமான காரணம். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டால் அடங்கும்.

உண்மையான குறைபாட்டு நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர். அதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் வைட்டமின் சி அறவே இல்லாமல் இருக்க வேண்டும். உடம்பின் கையிருப்பு சுமார் 1500 மி.கி.; அது 300-ஐ ஒட்டி இறங்கும்போது நோய் தெரியத் தொடங்கும். தினம் 10 மி.கி. கிடைத்தாலே நோய் வராது. ஈறு மட்டும் தனியாகக் காட்டிக்கொடுக்காது: கால் ரோமத்தின் வேர்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், தக்கைத் திருகிபோலச் சுருண்ட முடி, அடிபடாமலே கன்றிப்போதல், மூட்டு வலி, ஆறிய தழும்பு மறுபடி திறப்பது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கொலாஜன். உடம்பைத் தைத்து வைத்திருக்கும் நூல் அது. அந்த நூலுக்கு முறுக்கேற்ற வைட்டமின் சி வேண்டும்.

இன்று யாருக்கு வரும்? தனியாக இருந்து ரசம் சாதம், பிஸ்கட், டீயில் காலம் தள்ளும் முதியவர்களுக்கு, குடிநோயாளிகளுக்கு, இரண்டு மூன்று உணவைத் தவிர எதையும் தொடாத குழந்தைகளுக்கு. அரிசி, பருப்பு, முட்டை, புளி எதிலும் இது கணக்கில் வராது. காய்ச்சிய பசும்பாலை மட்டுமே கொடுத்து வளர்க்கும் கைக்குழந்தைக்கும் வரும்; தாய்ப்பாலில் தேவையான அளவு இருக்கிறது. கால் வலியால் நடக்க மறுக்கும் குழந்தையின் சாப்பாட்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பித்தளைச் சட்டியில் எலுமிச்சைச் சாதம் கிளறினால் சத்து போகுமா?
*– வாசகி, கும்பகோணம்*

வெள்ளீயம் பூசியதாக இருந்தால் கவலையில்லை. பூச்சு தேய்ந்திருந்தால் புளிப்பு செம்பைக் கரைக்கும். அது உடம்புக்கும் ஆகாது, வைட்டமின் சி-க்கும் ஆகாது. செம்பு துளி இருந்தாலே வைட்டமின் சி காற்றில் சிதைவது பல மடங்கு வேகமாகும்.

இதற்குப் பிரிட்டிஷ் கடற்படை கொடுத்த விலை பெரிது. 1747-இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்குக் கடல் நீர், ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம் என்று கொடுத்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் பெற்ற ஜோடி ஆறே நாளில் தேறியது. கடற்படை முழுக்க எலுமிச்சைச் சாறு வழங்க 1795 ஆயிற்று. பிறகு 1860-களில், தங்கள் குடியேற்ற நாடான மேற்கிந்தியத் தீவுகளில் கிடைக்கிறதே என்று லெமனை விட்டு லைமுக்கு மாறினார்கள். சாறு செம்புக் குழாய்களில் ஓடி, மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்தது. 1875-இல் வட துருவத்துக்குப் போன குழு, அந்தச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கர்வியில் விழுந்தது.

நம் எலுமிச்சையும் லைம் இனம்தான். அவர்களுடைய லெமன் பெரிய, தடித்த தோல்காரன். புதிதாகப் பிழிந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே, சாதத்தை எவர்சில்வரில் கிளறி, அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு, பழங்களில் வைட்டமின் சி எவ்வளவு என்று அளந்து காட்ட வேண்டும். வீட்டுப் பொருட்களால் முடியுமா?
*– மாணவி, தருமபுரி*

முடியும். அயோடினும் கஞ்சியும் சேர்ந்தால் கருநீலம். வைட்டமின் சி இருக்கும்வரை அயோடினை அது நிறமற்றதாக்கிவிடும். அது தீர்ந்த நொடியில் நீலம் நிற்கும். எவ்வளவு அயோடின் ஊற்றினாய் என்பதுதான் அளவு.

மருந்துக் கடையில் 5 சதவீத பொவிடோன் அயோடின் கரைசல் (களிம்பு வேண்டாம்), 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை ஒன்று, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு வாங்கிக்கொள். ஒரு தேக்கரண்டி அரிசி மாவை ஒரு கப் நீரில் கொதிக்கவைத்து ஆறவிடு, மேலே தெளியும் கஞ்சி போதும். சூடாக இருந்தால் நீலம் பிடிக்காது. அயோடின் 10 மி.லி.யை 40 மி.லி. தண்ணீரில் கல. மாத்திரையைப் பொடித்து ஒரு லிட்டர் வாலைவடி நீரில் கரை; பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இதற்கு ஆகும். ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்து.

கண்ணாடி டம்ளரை வெள்ளைத் தாள்மேல் வை. மாத்திரைக் கரைசல் 5 மி.லி., தண்ணீர் 20 மி.லி., கஞ்சி 10 சொட்டு. அடுத்த சிரிஞ்சால் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கு. நீலம் தோன்றித் தோன்றி மறையும். 20 விநாடி நின்றால் நிறுத்திக் குறித்துக்கொள், மூன்றரை மி.லி. அளவில் வரும். அடுத்து, மாத்திரைக் கரைசலுக்குப் பதில் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 5 மி.லி. வைத்து அதையே செய். சாற்றுக்குச் செலவானதை மாத்திரைக்குச் செலவானதால் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 100 மி.லி. சாற்றில் எத்தனை மி.கி. என்று கிடைக்கும். மாத்திரைக்கு 3.6, எலுமிச்சைக்கு 2.6 என்றால் 36 மி.கி. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடு.

தப்பு நடக்கும் இடங்கள்: நெல்லிச்சாற்றைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்துகொண்டு விடையைப் பத்தால் பெருக்கு. அதிலுள்ள துவர்ப்புப் பொருட்களும் அயோடினைக் கொஞ்சம் தின்னும், நீலமும் மெல்ல வெளுக்கும். எண் சற்றுக் கூடுதலாகவே வரும் என்று அட்டையில் எழுதிவிடு. பாட்டில் சாறுகளில் பதப்படுத்த சல்பைட் போட்டிருந்தால் அதுவும் அயோடினோடு வினைபுரிந்து ஏமாற்றும். கொதிக்கவைத்த சாற்றையும் பச்சைச் சாற்றையும் ஒப்பிடுவதாக இருந்தால், கொதித்தது சுண்டியிருக்கும். தண்ணீர் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகே 5 மி.லி. எடு. இல்லாவிட்டால் 'கொதித்தால் வைட்டமின் சி கூடுகிறது' என்று ஒரு புதுக் கண்டுபிடிப்பு வந்து சேரும். சோதித்த எதையும் குடிக்காதே.

வைட்டமின் சி சீரம் வாங்கினேன், இரண்டு மாதத்தில் பழுப்பாகிவிட்டது. பார்லரில் ட்ரிப்பாகவே ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.
*– பெயர் வேண்டாம், சென்னை*

பழுப்பானது சிதைந்த வைட்டமின் சி. தூக்கிப் போடுங்கள். எல்-அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம், புளிப்பு பி.எச். 3.5-க்குக் கீழ் இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும். அடர்நிறச் சிறு பாட்டிலாக வாங்கி, குளிர்ந்த இருட்டில் வைத்து, சீக்கிரம் தீர்க்க வேண்டும். எலுமிச்சையை முகத்தில் தேய்ப்பது அதற்கு மாற்றல்ல. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுக்கும்.

ட்ரிப் வேண்டவே வேண்டாம். வாயால் சாப்பிட்டால் குடல் காவல் காக்கும். நரம்பில் ஏற்றினால் அந்தக் காவல் இல்லை. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறந்தவர்களுக்கு, அதிக அளவு ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையும். அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களும் உண்டு.

எங்கள் நாய் பழத்தைத் தொடாது. அதற்கு ஏன் ஸ்கர்வி வருவதில்லை?
*– ஆறாம் வகுப்பு மாணவன், மதுரை*

நாய், பூனை, மாடு, ஆடு எல்லாம் சர்க்கரையிலிருந்து தங்கள் ஈரலிலேயே வைட்டமின் சி செய்துகொள்கின்றன. கடைசிப் படிக்கு வேண்டிய என்சைமின் ஜீன் நம்மிடமும் குரங்குகளிடமும் உடைந்து கிடக்கிறது. கினிப் பன்றிக்கும் அதே கதி. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் அவற்றுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தபோது ஸ்கர்வி வந்தது. மருந்து தேட ஒரு விலங்கு கிடைத்தது அப்படித்தான். யாராவது நண்பன் வீட்டில் கினிப் பன்றி வளர்த்தால், தினம் ஒரு துண்டு குடைமிளகாய் போடச் சொல். குடிநீரில் சொட்டு மருந்து கலந்து வைத்தால் மாலைக்குள் வீரியம் போய்விடும்.